புல்லட் விசையுந்துப் பராமரிப்பு (வார்ப்பிரும்புப் பொறி)

வார்ப்பிரும்புப் பொறி கொண்ட ராயல் என்ஃபீல்டு புல்லட் விசையுந்தை அதன் உரிமையாளரே பேணுவதும், பழுதுபார்ப்பதும், ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு ஏற்றிச் செல்வதும் இந்தியாவில் பரவலாகக் காணப்படும் பொழுதுபோக்கு ஆகும். இப்பொறியின் தயாரிப்பு 2010 அளவில் முடிவுக்கு வந்தது. எனவே எஞ்சியுள்ள வண்டிகள் ஓடும் நிலையில் இருப்பது உரிமையாளர்களின் கவனிப்பையும் சிறு பட்டறைகளையும் பெரிதும் சார்ந்துள்ளது. இப்பொறியில் அடிக்கடி சரிசெய்ய வேண்டிய இடங்கள் பெரும்பாலும் வெளியிலிருந்தே எட்டக்கூடியவை. ஆயினும் பிரேக், சக்கரம், செயின் ஆகியவற்றில் நேரும் சிறு பிழையும் உயிராபத்தை விளைவிக்கலாம்.

வரலாறு

புல்லட் என்னும் பெயரை இங்கிலாந்தின் ரெடிச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1932 இல் அறிமுகப்படுத்தியது. 1955 இல் அந்நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கூட்டாக என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. இதன் தொழிற்சாலை சென்னையை அடுத்த திருவொற்றியூரில் அமைந்தது. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்கள் இங்கு பொருத்தப்பட்டன. பின்னர் பாகங்களும் இங்கேயே செய்யப்பட்டன. இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு வண்டிகளின் தயாரிப்பு 1970 இல் நின்ற பின்னரும் திருவொற்றியூரில் புல்லட் தயாரிப்பு தொடர்ந்தது. 1994 இல் நிறுவனம் ஐச்சர் குழுமத்தின் வசமானது.

பொறியின் அடிப்படை வடிவமைப்பு அரை நூற்றாண்டுக் காலம் பெரிதாக மாறவில்லை. இதனால் வெவ்வேறு காலத்து வண்டிகளின் பாகங்கள் பலவற்றை ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்த இயலும். பழைய புல்லட்டுகள் நெடுங்காலம் நிலைத்திருப்பதற்கு இது ஒரு முதன்மையான காரணமாகும்.

அமைப்பு

350 வகையின் பொறி ஒற்றை உருளை கொண்டது. உருளையின் விட்டம் 70 மி.மீ., உந்துதண்டின் வீச்சு 90 மி.மீ., கொள்ளளவு 346 கன செ.மீ. ஆகும். பொறியும் கியர் பெட்டியும் தனித்தனிக் கூடுகளில் அமைந்துள்ளன. நான்கு கியர் கொண்ட வண்டிகளில் கியர் நெம்புகோல் வலக்காலுக்கும், பின்சக்கர பிரேக் இடக்காலுக்கும் உரியவை. பிற விசையுந்துகளில் பழகியவர் பதற்றத்தில் பிரேக் என்று எண்ணிக் கியரை மிதிக்கக்கூடும். ஆகவே இவ்வண்டியைப் புதியவரிடம் கொடுக்கும் முன் போக்குவரத்து இல்லாத இடத்தில் ஓட்டிப் பழகச் செய்தல் வேண்டும்.

கிளப்பும் முறை

பாயிண்ட் எனப்படும் தொடுமுனைகள் கொண்ட வண்டிகளில் அம்மீட்டரின் முள்ளைப் பார்த்துக் கிக்கரை உதைப்பது வழக்கம். சாவியைத் திருப்பிக் கிக்கரை மெதுவாக அழுத்தும்போது முள் இடப்புறம் சாய்வதும் நடுவுக்குத் திரும்புவதுமாக இருக்கும். கிக்கர் இறுகி நிற்கும் நிலையில், இடக் கைப்பிடியில் உள்ள டிகம்ப்ரஸர் நெம்புகோலைப் பிடித்துக் கிக்கரைச் சிறிதளவு கீழிறக்க வேண்டும். பின்பு நெம்புகோலை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு வீச்சில் உதைக்க வேண்டும். இவ்வாறு செய்யாவிடின் பொறி எதிர்த்து உதைத்துக் காலில் காயம் ஏற்படலாம்.

அம்மீட்டர் பழுதறியும் கருவியாகவும் பயன்படுகிறது. கிக்கரை அழுத்தும்போது முள் ஆடாமல் ஒரே இடத்தில் நின்றால், பாயிண்டுகளையும் அவற்றுக்குச் செல்லும் கம்பிகளையும் முதலில் ஆராய வேண்டும்.

கருவிகள்

ஸ்பானர்கள், திருப்புளிகள், பிளக் ஸ்பானர், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், காற்றழுத்தமானி ஆகியவை வழக்கமான வேலைகளுக்குப் போதுமானவை. பழைய வண்டிகளில் அங்குல அளவு மரைகளும் மெட்ரிக் அளவு மரைகளும் கலந்திருக்கும். பொருந்தாத ஸ்பானரைப் பயன்படுத்தினால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். அலுமினியக் கூட்டில் உள்ள மரைகளை அளவுக்கு மீறி முறுக்கினால் அவை கழன்றுவிடும்.

முக்கியப் பணிகள்

மசகெண்ணெய்

பொறிக்கான எண்ணெய், பொறிக்கூட்டின் உள்ளேயே தடுக்கப்பட்ட தனி அறையில் இருக்கிறது. ஒரு பம்பு அதனைப் பொறிக்கு அனுப்ப, மற்றொரு பம்பு அதைத் திரும்ப அறைக்குச் சேர்க்கிறது. வண்டி நெடுநாள் நின்றால் எண்ணெய் பம்பு வழியே கசிந்து வணரித்தண்டு உள்ள பகுதியில் தேங்கும். அப்போது அளவுகோலில் எண்ணெய் குறைவாகத் தெரியும். இதை நம்பி எண்ணெய் ஊற்றினால் அது மிகுதியாகிவிடும். பொறியைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்திய பின்னர் அளப்பதே சரியான முறையாகும்.

டேப்பெட்

இவ்வேலை பொறி குளிர்ந்திருக்கும்போது செய்யப்படுகிறது. பிளக்கைக் கழற்றி, வண்டியை நடுநிறுத்தியில் நிறுத்தி, நான்காம் கியரில் பின்சக்கரத்தைச் சுழற்றினால் பொறி எளிதில் சுழலும். உந்துதண்டு அழுத்த வீச்சின் உச்சியில் இருக்கும்போது வலப்புற மூடியைத் திறந்து தள்ளுகோல்களைச் சோதிக்க வேண்டும். கோல் விரலால் தடையின்றிச் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. மிகையாக இறுக்கினால் வால்வு முழுமையாக மூடாமல் கருகிவிடும்.

பற்றவைப்பு

பாயிண்டுகள் முழுமையாக விலகிய நிலையில் அவற்றின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருத்தல் வேண்டும். முனைகள் கருகியிருந்தால் தூய்மை செய்யலாம். மீண்டும் மீண்டும் கருகினால் கண்டென்சர் பழுதுற்றிருக்கலாம். பிற்கால வண்டிகளில் மின்னணுப் பற்றவைப்பு உள்ளதால் இப்பணி தேவைப்படுவதில்லை.

செயினும் பிரேக்கும்

செயினின் தளர்வு, அது மிக இறுக்கமாக உள்ள இடத்தில் சுமார் 25 மி.மீ. இருக்க வேண்டும். இதனைச் சரிசெய்யப் பின்சக்கரத்தின் இருபுறமும் உள்ள நத்தை வடிவத் தகடுகளைச் சம அளவில் திருப்ப வேண்டும். சக்கரம் நகரும்போது பின் பிரேக்கின் கம்பியளவும் மாறிவிடும் என்பதைத் தொடக்கநிலையாளர் பலர் கவனிப்பதில்லை. ஆகவே செயினைச் சரிசெய்த ஒவ்வொரு முறையும் பிரேக்கையும் சரிபார்த்தல் கட்டாயமாகும். செயின் இணைப்புக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். மாற்றிப் பொருத்தினால் கிளிப் கழன்று, செயின் அறுந்து, சக்கரம் பூட்டிக்கொள்ள நேரலாம்.

பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் இருக்கக்கூடும். அவற்றின் தூசியை வாயால் ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

ஏற்றிச் செல்லுதல்

புல்லட்டின் எடை ஏறத்தாழ 170 கிலோ ஆகையால், ஒருவர் தனியே அதனைச் சரக்கு வண்டியில் ஏற்றுவது ஆபத்தானது. அகலமான பலகையைச் சாய்வாகப் பொருத்தி, பொறியை நிறுத்திய நிலையில், குறைந்தது மூவர் தள்ளி ஏற்றுவது நல்லது. வண்டியை நிமிர்த்தி முன்சக்கரத்துக்குத் தடை கொடுத்து, முன் ஃபோர்க்கின் மேற்பகுதியிலிருந்து இருபுறமும் பட்டைகளால் கட்ட வேண்டும். முன் ஸ்பிரிங் பாதியளவு அமுங்கும்படி கட்டினால் குலுக்கலில் பட்டை தளராது. பக்க நிறுத்தியில் சாய்த்தோ, படுக்க வைத்தோ கொண்டு செல்லலாகாது. பாட்டரி அமிலமும் எண்ணெயும் சிந்தக்கூடும்.

தொடருந்தில் அனுப்புவோர், பெட்ரோல் தொட்டியை முற்றிலும் வடித்துவிட வேண்டும். இது தீ விபத்தைத் தவிர்ப்பதற்கான விதியாகும். பதிவுச் சான்றின் படியும் அடையாளச் சான்றும் பார்சல் அலுவலகத்தில் கேட்கப்படும். கண்ணாடி, விளக்கு, தொட்டி ஆகியவற்றைச் சாக்கும் வைக்கோலும் கொண்டு பொதிவது வழக்கம்.

சட்டமும் பதிவும்

1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கு புதிய பதிவெண் பெற வேண்டும். பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்குச் செல்லும்; அதன்பின் அதனைப் புதுப்பிக்க வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றியமைக்கவும் இச்சட்டம் தடை விதிக்கிறது. எனவே பழைய வண்டியை வாங்குவோர் பொறி எண்ணையும் சட்டக எண்ணையும் சான்றுடன் ஒப்பிடுவது இன்றியமையாதது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் மாறாதிருக்கும் வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்ய 2021 இல் தனி விதிகள் கொண்டுவரப்பட்டன. அவ்வாறு பதிவு செய்த வண்டியை அன்றாடப் பயணத்துக்குப் பயன்படுத்த இயலாது.

உரிமையாளர் செய்யத் தகாதவை

வணரித்தண்டைப் பிரித்துப் பொருத்துதல், உருளையைக் கடைதல், வளைந்த சட்டகத்தை நிமிர்த்துதல் ஆகியவற்றுக்குச் சிறப்புக் கருவிகளும் பயிற்சியும் தேவை. இவற்றைத் தேர்ந்த பட்டறையில் செய்வதே ஏற்புடையது. உரிமையாளரே செய்த வேலையாயினும், சக்கர அச்சு நட்டுகளையும் இரு பிரேக்குகளையும் மீண்டும் ஒருமுறை சோதித்து, வெற்றிடத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்த பின்னரே வண்டியைச் சாலைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.