தேடித் தொகுத்த படமும் தேடப்படும் படமும்

திரைப்படம் என்றதும் நம் நெஞ்சில் முதலில் தோன்றுவன கதையும் பாட்டும் நடிகர்தம் முகங்களுமே. தோப்பும்படியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. ஆயின் கதையும் நடிகரும் இன்றித் தமிழர் ஒருவர் உருவாக்கிய முழுநீளப் படம் ஒன்று உண்டு.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911இல் பிறந்த ஏ. கே. செட்டியார், தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக்கலை பயின்றவர். 1937 அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளின் நோக்கிக் கப்பலில் செல்கையில், காந்தியடிகளின் வாழ்வைப் படமாக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. அன்று அண்ணலின் பிறந்தநாள். செட்டியாருக்கோ இருபத்தாறு வயது இன்னும் நிறையவில்லை.

அவர் மேற்கொண்ட வழி புதுமையானது. எவரையும் நடிக்கவைக்கவில்லை. முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்திருந்த துண்டுப் படங்களை நாடுதோறும் தேடினார். இலட்சம் மைல் பயணத்தில் ஐம்பதினாயிரம் அடிச் சுருள் சேர்ந்தது. அது 12,000 அடியாகச் சுருங்கி, ‘மகாத்மா காந்தி’ என்னும் பெயரில், தமிழ் விளக்கவுரையுடன் 1940 ஆகஸ்டில் சென்னையில் வெளிவந்தது. பின்னர்த் தெலுங்கு வடிவமும், 1953இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவமும் வந்தன.

ஊர் ஊராய்த் தேடிச் சேர்த்த அப்படமே பின்னர்த் தேடப்படும் பொருளாயிற்று. அக்காலப் படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது. எளிதில் தீப்பற்றும், தீயினின்று தப்பினும் காலப்போக்கில் பொடியாகும். புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் 1964இல் தோன்றுமுன்னரே நாம் இழந்தவை பல. நடராஜ முதலியாரின் ‘கீசக வத’த்திற்கு ஒரு பிரதியும் எஞ்சவில்லை. செட்டியாரின் படமும் நெடுங்காலம் கண்ணுக்கு எட்டாதிருந்தது. ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதியின் தேடலால், ஆங்கில வடிவத்தின் பிரதி அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கிடைத்தது.

சேகரிப்போரை இப்படம் ஈர்ப்பது அருமையால் மட்டுமன்று. சிதறிக் கிடந்தவற்றை ஒருவர் ஒன்று சேர்த்தார் என்பதே அதன் பெருமை. 1943 முதல் 1983இல் மறையும்வரை நடத்திய ‘குமரி மலர்’ இதழிலும் பழம் எழுத்துகளை மீட்டு வெளியிட்டவர் அவர்.

பிறந்த மண்ணை விட்டு வந்த நம் வீடுகளின் டிரங்குப் பெட்டிகளிலும் பழைய படங்களும் கடிதங்களும் உறங்குகின்றன. அவற்றில் இருப்போர் யார், ஆண்டு எது என்று பின்புறம் ஒரு வரி எழுதிவைப்போம். அறிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே எழுதுவோம்.