தோட்டப்புறத்து யாத்திரையும் தண்டவாளமும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் சுற்றுலா வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் போர்ட்டிக்சன் கடற்கரையிலும் அங்குள்ள தங்கும் விடுதிகளிலும் தொடங்குவர். அது பாதி வரலாறே ஆகும். சுற்றுலா என்னும் சொல் தோட்டப்புறத்தை எட்டுவதற்கு நெடுங்காலம் முன்பே நம்மவர் குடும்பம் குடும்பமாக மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டனர். அவர்கள் நாடிச் சென்றவை திருத்தலங்கள். அவர்களை ஏற்றிச் சென்ற ஊர்திகளின் வரலாற்றை இம்மலரில் சுருங்கக் கூறுவது பொருத்தமாகும்.

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் துறைமுகத்துக்குச் செல்லும் சுங்கை ஊஜோங் ரயில் பாதை 1891இல் திறக்கப்பெற்றது. தூரம் ஏறத்தாழ 39 கிலோமீட்டர். தனியார் நிறுவனம் ஒன்று ஈயத்தையும் தோட்டத்து விளைபொருளையும் கடலுக்குக் கொண்டுசேர்க்கும் பொருட்டு அமைத்த பாதை அது. அப்போது இங்கே ரப்பர் இல்லை. காப்பிச் செடியே பயிராகியிருந்தது. பின்னர்ப் பாதையின் இருமருங்கிலும் பால்மரங்கள் எழுந்தன. சரக்குக்காகப் போட்ட தண்டவாளத்தில் மனிதரும் ஏறினர். துரைமார் கடற்காற்று வாங்கப் போனார்கள். தோட்டத்து மக்கள் உறவினர் வீட்டுக்கும் கோயிலுக்கும் போனார்கள்.

1891ஆம் ஆண்டுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. கே. தம்புசாமிப் பிள்ளை பத்துமலைக் குகையில் முருகப் பெருமானை எழுந்தருளச் செய்ததும் அவ்வாண்டில்தான் என்பர். மறு ஆண்டு அங்கே தைப்பூச விழா தொடங்கியது. எனினும் நம் மாநிலத்தார் எளிதில் சென்று சேர மேலும் சில ஆண்டுகள் ஆயின. 1903இல் வட மலாயாவின் பிறையிலிருந்து சிரம்பான் வரை ரயில் பாதை இணைந்தபோதுதான் கோலாலம்பூர் நமக்கு அண்டை ஊராயிற்று. 1905இல் தம்பினிலிருந்து மலாக்காவுக்குக் கிளைப்பாதை ஒன்று ஏற்பட்டது. கிம்மாஸ் பக்கத்திலிருந்து பகாவை நோக்கியும் பாதை நீண்டது. தைப்பூசக் காலத்தில் பத்துமலைக்குச் சிறப்பு ரயில்கள் விடப்பெற்றன. ஆண்டில் ஒரு முறை விடுப்புக் கிடைத்த தோட்டத் தொழிலாளிக்கு அந்த ரயில் வெறும் ஊர்தியாகத் தோன்றியிருக்காது. காவடியும் பால்குடமும் கட்டுச்சோறும் சுமந்து சென்ற கோயில் வாகனமாகவே அதனைக் கருதியிருப்பான்.

தாயகம் சென்று வருவதோ கப்பலின் பொறுப்பாயிற்று. 1926இல் கட்டப்பெற்ற ரஜூலா தொடக்கக் காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்றிச்செல்ல உரிமம் பெற்றிருந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்பது அதன் வழி. குலதெய்வ நேர்த்திக்கடனும் பழனி யாத்திரையும் திருமணப் பேச்சும் அந்த ஒரே தளத்தில் பாய் விரித்துப் படுத்தன. ரஜூலா 1974இல் உடைக்கப்பட்டது. அடுத்து வந்த ‘சிதம்பரம்’ கப்பல் 1985இல் தீ விபத்துக்குள்ளானதோடு அந்தக் கடல்வழி யாத்திரையும் முடிவுற்றது.

ரயிலைப் பற்றிப் பேசும்போது ஒரு துயரத்தை விலக்கிச் செல்லல் ஆகாது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம் மரண ரயில் பாதை அமைக்கத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைத் திரட்டிச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து அனுப்பினர். யாத்திரைக்குப் பழகிய அதே தண்டவாளம் திரும்பாப் பயணத்துக்கும் வழியாயிற்று. போனவர்களுள் பல்லாயிரவர் மீளவில்லை. மனிதரோடு தண்டவாளங்களும் போயின. தம்பின்-மலாக்கா கிளைப்பாதை பெயர்த்தெடுக்கப்பட்டது. கிழக்குக்கரைப் பாதையின் பெரும்பகுதிக்கும் அதே கதி. மலாக்காப் பாதை பின்னர் மீண்டும் அமைக்கப்படவே இல்லை.

ஆகவேதான் போருக்குப் பின் மாசி மகத்தன்று மலாக்கா, செங் சன்னாசிமலைக்குச் சென்ற நம்மவர்க்குச் சாலையே கதியாயிற்று. தோட்ட லாரியின் வரலாறு இங்கே தொடங்குகிறது. பால் ஏற்றும் லாரியைக் கழுவி, வாழை கட்டி, வேப்பிலை செருகி, பெண்களும் குழந்தைகளும் நடுவில் அமர ஆடவர் ஓரத்தில் நின்று சென்ற காட்சியை முதியோர் இன்றும் கூறக் கேட்கலாம். மழை வந்தால் தார்ப்பாய்தான் கூரை. பின்னாளில் வாடகைப் பேருந்து வந்தது. தலைக்கு இத்தனை வெள்ளி என்று வசூலித்துப் பத்துமலையும் பினாங்குத் தண்ணீர்மலையும் சென்று, திரும்பும் வழியில் போர்ட்டிக்சன் கடலில் நீராடி வருவது வழக்கமாயிற்று. வழிபாடும் உலாவும் ஒரே பயணச்சீட்டில் அடங்கின. சுற்றுலாத் தொழில் நூல்கள் பயணியரைக் கணக்கிடுகின்றன. இந்தப் பேருந்துகளில் சென்றோரை எவர் கணக்கிட்டார்?

அடுத்து வந்த மாற்றம் வேறு திசையிலானது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் காலியாயின. நம் எல்லையை ஒட்டிச் சிப்பாங்கில் 1998இல் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பெற்றது. 2009ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் லாபுவில் சைம் டார்பி தோட்ட நிலத்தில் மலிவுக் கட்டண விமான நிலையம் அமைப்பதாக அறிவிப்பு வந்து, அம்மாதம் முடிவதற்குள் கைவிடப்பட்டது. பால் வெட்டிய மண்ணிலிருந்தே திருச்சிக்குப் பறக்கும் வாய்ப்பு ஏட்டளவில் நின்றது.

போர்ட்டிக்சன் பாதையில் 2008க்குப் பின் ரயில் ஓடவில்லை. நூறாண்டு கடந்த பாதை, கடற்கரையை நோக்கிச் செல்வது, தோட்டங்களின் ஊடே ஓடுவது: சுற்றுலாவுக்கு இதனினும் ஏற்ற பாதை இம்மாநிலத்தில் வேறொன்றைக் காட்ட இயலுமோ? அதனைப் புல்லுக்கு விட்டது பொருந்தாச் செயல் என்பதே எம் கருத்து.

மறுபுறம், 2010இல் கொம்யூட்டர் மின்ரயில் பத்துமலை வரை நீட்டிக்கப்பெற்றது. இன்று தம்பின், ரெம்பாவ், சுங்கை காடுட், சிரம்பான், லாபு, நீலாய் நிலையங்களில் ஏறுவோர் வண்டி மாறாமலே பத்துமலை அடிவாரத்தில் இறங்கலாம். தோட்டக் கோயில்களின் வாயிலுக்கோ அத்தகைய வண்டி இல்லை. பட்டணங்களில் குடியேறிய பிள்ளைகள் திருவிழா நாளில் காரிலும் வேனிலும் வந்து சேர்கின்றனர். கார் இல்லாத முதியோரை நிலையத்திலிருந்து அழைத்துவர ஆலய நிர்வாகக் குழுக்கள் வேன் அமர்த்துகின்றன. அச்செலவும் அர்ச்சனை, அன்னதானச் செலவுகளோடு கணக்கேட்டில் ஒரு வரியாக ஏறுகிறது.