நீதிபதியைத் தேர்வது யார்? குடவோலை முதல் உயர் நீதிமன்றம் வரை



சட்டமன்றத்திற்கும் நாடாளுமன்றத்திற்கும் உறுப்பினரை நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறோம். ஊராட்சி உறுப்பினரையும் அவ்வாறே தேர்கிறோம். இந்தச் சங்கத்தின் தலைவரையும் செயலாளரையும் கூட ஆண்டுதோறும் கைதூக்கித் தேர்ந்தெடுக்கிறோம். ஆனால் நம் வீட்டையும் நிலத்தையும் உரிமையையும் பற்றிய வழக்கில் தீர்ப்புரைக்கும் உயர் நீதிமன்ற நீதிபதியை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. இது ஏன்? தேர்ந்தெடுத்தால் நன்மையா, தீமையா? பொம்மசந்திராவில் நம் காலனியார் கூடிப் பேசும்போதெல்லாம் இக்கேள்வி ஒரு முறையேனும் எழாமல் இருப்பதில்லை. யான் சட்டம் பயின்றவன் அல்லன். மெட்ரிகுலேஷன் தேறி இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிபவன். ஆயினும் ஓய்வு நேரத்தில் வரலாற்று நூல்களைப் படித்துக் குறித்து வைத்தவற்றை இம்மலரின் வாயிலாகத் தங்கள் முன் வைக்கிறேன்.

பழந்தமிழ் நாட்டில் நீதியின் தலைமை அரசனிடமே இருந்தது. ஆயினும் அரசன் தனியே இருந்து தீர்ப்புரைப்பது ஆபத்து என்பதையும் தமிழர் அறிந்திருந்தனர். ஆராயாமல் ஆணையிட்ட பாண்டியன் நெடுஞ்செழியனின் கதை சிலப்பதிகாரத்தின் உயிர்நிலை அன்றோ? அதனாற்றான் அறங்கூறும் அவை என ஒன்று வேண்டப்பட்டது. உறையூரில் இருந்த அத்தகைய அவை சங்கப் பாடல்களில் புகழப்படுகிறது.

ஊர்தோறும் சபைகள் எவ்வாறு வழக்கை விசாரித்தன என்பதற்குப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரிய புராணத்தில் நல்லதோர் காட்சி உண்டு. நம்பி ஆரூரரின் திருமணப் பந்தலில் முதியவர் ஒருவர் வந்து, ‘இவன் எனக்கு வழிவழி அடிமை; இதோ இவன் பாட்டன் எழுதிய ஓலை’ என்கிறார். ஆரூரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படியோலை என்றும் மூல ஓலை தம்மிடம் உள்ளது என்றும் சொல்லி, முதியவர் வழக்கைத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குக் கொண்டு செல்கிறார். சபையார் உணர்ச்சிவயப்படவில்லை. அனுபோகம், ஆவணம், சாட்சி ஆகிய மூன்றனுள் ஒன்றால் மெய்ப்பிக்க வேண்டும் என்று கேட்கின்றனர். மூல ஓலை வந்ததும், அதன் எழுத்தைப் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்புநோக்குகின்றனர். இரண்டும் ஒத்திருக்கவே, தம் மனம் யார்பால் சாய்ந்திருந்ததோ அவருக்கு எதிராகவே தீர்ப்புரைக்கின்றனர். வந்தவர் இறைவன் என்பது அச்சபையாருக்குத் தெரியாது என்பதை நினைவிற் கொள்க. ஓலையைப் பார்த்தார்களேயன்றி ஆளைப் பார்க்கவில்லை.

இத்தகைய சபையில் அமர்வோரைத் தேர்ந்தெடுத்தது எவ்வாறு? இங்கேதான் உத்தரமேரூர் நமக்குக் கைவிளக்காக நிற்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரின் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் பன்னிரண்டாம், பதினான்காம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த இரு கல்வெட்டுகள் உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியன. முதலில் செய்த விதியில் குறை கண்டு, இரண்டே ஆண்டுகளில் அதனைத் திருத்திக் கல்லில் வெட்டினார்கள் என்பதே வியப்புக்குரியது.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இன்றைய வார்டு போன்றது குடும்பு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டினர். தகுதி யாது? வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் சொந்தமாக இருத்தல் வேண்டும். தன் மனையில் வீடு கட்டி வாழ்தல் வேண்டும். வேதம் கற்றிருத்தல் வேண்டும். கல்வி மிக்கவராயின் அரைக்கால் வேலி நிலமே போதும். வயது முந்திய விதியில் முப்பதுக்கு மேல் அறுபதுக்குள். திருத்திய விதியில் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியம் ஏதும் செய்திருத்தல் கூடாது.

தகுதியின்மைகளோ இன்னும் கடுமையானவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் வர இயலாது. அவன் மட்டுமா? அவனுடைய தந்தை, மக்கள், உடன்பிறந்தார், மாமன், மருமகன் முதலான உறவினர் பெயரும் குடத்தில் புகக்கூடாது! பிறர் பொருளைக் கவர்ந்தவனுக்கும் இடமில்லை.

தேர்வு நாளன்று இளையோர் முதல் முதியோர் வரை மகாசபை முழுவதும் கூடியது. கோயில் நம்பிமாரில் முதியவர் ஒருவர் எழுந்து நின்று, குடத்தை எல்லாரும் காணும்படி தூக்கிக் காட்டினார். ஓலையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலையை எடுப்பித்தனர். அதனை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கி உரக்கப் படித்தான். பின்னர் அங்கிருந்த நம்பிமார் அனைவரும் அதையே படித்தனர். விரலை விரித்தது ஏன்? கைக்குள் வேறோர் ஓலையை மறைத்து வைத்து மாற்றாதிருக்கவே. இவ்வாறு தேர்ந்த முப்பதின்மரில் கல்வியும் வயதும் முதிர்ந்து, தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் முன்பே செய்த பன்னிருவர் சம்வத்சர வாரியத்தார். வேறு பன்னிருவர் தோட்ட வாரியத்தார். எஞ்சிய அறுவர் ஏரி வாரியத்தார். பதவிக்காலம் முந்நூற்றறுபது நாள். இடையே குற்றம் செய்தவன் அப்போதே விலக்கப்பட்டான். பன்னிரண்டு சேரிகளிலும் அறச்செயல்களை மேற்பார்த்த வாரியத்தாரும் அங்கே இருந்தனர். காலம் முடிந்ததும் மத்தியஸ்தரைக் கொண்டு சபையைக் கூட்டி அடுத்த தேர்வை நடத்தும் பொறுப்பு அவர்களுடையது.

இதில் நாம் இரண்டு உண்மைகளை மறைத்தல் ஆகாது. ஒன்று, இது வாக்கெடுப்பு அன்று, திருவுளச்சீட்டு. முதலில் தகுதியால் வடிகட்டி, பின்னர் சீட்டால் தேர்ந்தனர். மற்றொன்று, இம்முறை பிராமணர் ஊரான சதுர்வேதி மங்கலத்தின் முறை. நிலமில்லாதார்க்கும் மகளிர்க்கும் உழைக்கும் குடிகளுக்கும் அதில் இடமிருந்ததில்லை. பெருமை பேசும்போது இதனையும் சேர்த்தே பேசுதல் நேர்மை. ஆயினும், தீர்ப்புரைக்கும் இடத்தில் அமர்வோன் எவருடைய தயவுக்கும் கடன்பட்டிருத்தல் கூடாது என்ற கருத்தை அக்கல்வெட்டு ஐயமறக் காட்டுகிறது. சீட்டுக்கு நன்றிக்கடன் ஏது?

ஆங்கிலேயர் காலத்தில் ஊர்ச் சபைகளின் அதிகாரம் மங்கியது. 1862இல் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களிலும் உயர் நீதிமன்றங்கள் நிறுவப்பெற்றன. சென்னையில் அந்நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர் தஞ்சைப் பகுதியில் பிறந்த திருவாரூர் முத்துசுவாமி ஐயர். வறுமையால் இளமையில் கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் வேலை பார்த்தவர் அவர். 1893இல் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். எழுத்தர் வேலை பார்க்கும் எம்போன்றோர் அவர் பெயரைச் சொல்லும்போது சற்று நிமிர்ந்து உட்காருதல் இயல்பே!

நாம் வாழும் இந்நாட்டில், மைசூர் அரசு 1884இல் மூன்று நீதிபதிகளைக் கொண்ட தலைமை நீதிமன்றத்தை அமைத்தது. அது 1930இல் மைசூர் உயர் நீதிமன்றம் எனப் பெயர் பெற்றது. 1973இல் மாநிலத்தின் பெயர் மாறியபோது கர்நாடக உயர் நீதிமன்றம் ஆயிற்று. 1868இல் கட்டி முடிக்கப்பெற்று, பதினெட்டு அலுவலகங்கள் இருந்தமையால் அட்டாரக் கச்சேரி எனப்பட்ட அச்சிவப்புக் கட்டடத்தைப் பெங்களூர் செல்லும் நம்மவர் எல்லாரும் கண்டிருப்பர். ஆனேக்கல் வட்டத்தில் எழும் வழக்கும் மேல்முறையீட்டில் அங்கேதான் செல்லும்.

அங்கு நீதிபதி ஆவது எப்படி? அரசியலமைப்பின் 217ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். பத்தாண்டு நீதித்துறைப் பதவி வகித்தவராகவோ, பத்தாண்டு உயர் நீதிமன்ற வழக்கறிஞராகவோ இருத்தல் வேண்டும். அறுபத்திரண்டு வயது வரை பதவி. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை கிட்டினாலன்றி இடையில் நீக்க இயலாது. பெயரைத் தெரிந்தெடுப்பதில் அமைச்சரவையின் சொல் முந்தியதா, நீதிபதிகளின் சொல் முந்தியதா என்ற பூசல் நெடுநாள் நடந்தது. 1993இலும் 1998இலும் உச்ச நீதிமன்றம் மூத்த நீதிபதிகள் குழுவின் கருத்துக்கே முதன்மை தந்தது. இதனைக் கொலீஜியம் என்பர். இதை மாற்றி ஆணையம் ஒன்றை அமைக்க நாடாளுமன்றம் 2014இல் இயற்றிய திருத்தத்தை, 2015 அக்டோபர் 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம் நால்வர்க்கு ஒருவர் என்ற கணக்கில் செல்லாது என்றது. நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்வது முறையா, மூடிய அறையில் நடப்பதை மக்கள் அறிவது எங்ஙனம் என்ற குறைப்பாடு இன்றும் உண்டு. அதில் நியாயமும் உண்டு. உத்தரமேரூரில் குடத்தைத் தூக்கிக் காட்டினார்களே, அத்தகைய வெளிச்சம் இங்கும் வேண்டற்பாலது.

அப்படியாயின் மக்களே வாக்களித்துத் தேர்ந்தால் என்ன? அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலம் 1832இல் நீதிபதிகள் அனைவரையும் மக்கள் வாக்கால் தேர்ந்தெடுக்கத் தொடங்கியது. பல மாநிலங்கள் பின்பற்றின. ஆளுநரின் வேண்டியவர்கள் நாற்காலியில் அமர்வதைத் தடுக்கவே அம்முறை வந்தது, நோக்கம் நன்றே. ஆனால் மேற்கு வர்ஜீனியாவில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். நிலக்கரிக் கம்பெனி ஒன்று ஐந்து கோடி டாலர் கொடுக்க வேண்டும் என 2002இல் ஜூரர் தீர்ப்பளித்தனர். மேல்முறையீடு செல்லுமுன், 2004இல் அம்மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்திற்குத் தேர்தல் வந்தது. கம்பெனித் தலைவர் ஒரு வேட்பாளருக்காக ஏறத்தாழ முப்பது லட்சம் டாலர் செலவிட்டார். அவ்வேட்பாளர் வென்றார், அவ்வழக்கிலேயே அமர்ந்தார், மூவர்க்கு இருவர் என்ற கணக்கில் கம்பெனிக்குச் சார்பாகத் தீர்ப்பாயிற்று. 2009இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அந்நீதிபதி விலகியிருக்க வேண்டும் எனக் கூறியது. அங்கும் ஐவர்க்கு நால்வர் என்ற ஒரே வாக்கு வேறுபாடுதான்! இத்தகைய தீமைக்கு அஞ்சியே மிசூரி மாநிலம் 1940இல், குழு மூன்று பெயர் தர, ஆளுநர் ஒருவரை நியமிக்க, பின்னர் அவர் நீடிக்கலாமா என்பதை மட்டும் மக்கள் வாக்களித்துச் சொல்லும் முறையை ஏற்றது. மெக்சிகோ 2025 ஜூன் மாதத்தில் முதன்முறையாக நீதிபதித் தேர்தல் நடத்தியபோது, நூற்றுக்குப் பதின்மூன்று பேர் அளவிலேயே வாக்களித்தனர்.

பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலத்தில் குடியேறிய நமக்கு இவ்வரலாறு வெறும் கதையன்று. நாம் இங்கே எண்ணிக்கையில் சிறியவர்கள். நமக்கும் இம்மண்ணின் மக்களுக்கும் இடையே அன்பும் உறவும் உண்டு. எனினும் மனத்தாங்கல் எழும் நாளும் உண்டு. அந்நாளில் நம் வழக்கு செல்லும் நீதிபதி, அடுத்த தேர்தலில் எத்தனை வாக்கு வரும் என்று எண்ணுபவராக இருந்தால் நம் நிலை என்னாகும்? தமிழ்நாட்டில் வாழும் கன்னட, தெலுங்குக் குடும்பங்களின் நிலையும் அதுவே. வாக்குப் பெரும்பான்மை ஆட்சியை அமைக்கலாம். ஆனால் ஓலை மெய்யா பொய்யா என்பதைக் கைதூக்கி முடிவு செய்ய இயலாது. வெண்ணெய்நல்லூர்ச் சபையார் கூடியிருந்தோரின் விருப்பத்தைக் கேட்டிருந்தால், மணமகனுக்கே தீர்ப்பாகியிருக்கும்!

ஆகவே என் சிற்றறிவுக்கு எட்டியது இதுவே. நீதிபதியைத் தேர்வதில் வாக்கு வேண்டா, வெளிச்சம் வேண்டும். தகுதியும் கணக்கும் எல்லார்க்கும் தெரியட்டும். நம் பிள்ளைகளில் ஆணும் பெண்ணுமாகச் சிலரேனும் சட்டம் பயிலட்டும். கீழ் நீதிமன்றங்களில் கன்னடம் வழங்குவதால் அம்மொழியையும் செவ்வனே கற்கட்டும். ஒரு ரூபாய்க் கணக்கர் ஏறிய படி நம் வீட்டுப் பிள்ளைக்கு உயரமானதன்று.

கடைசியாக ஒன்று. உத்தரமேரூர் விதிகளில் இன்றே, இங்கேயே, எவரையும் கேளாமல் நாம் கைக்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு: கணக்குக் காட்டாதவர் பெயர் அடுத்த குடத்தில் புகலாகாது. நம் சங்கத்தின் ஆண்டுக் கணக்கு இம்மலர் வெளியாகும் நாளிலேயே பொதுக்குழுவின் முன் படிக்கப்படுமாயின், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டியோர்க்கு நாம் செலுத்தும் வணக்கம் அதுவே ஆகும்.

வாழ்க தமிழ்! வாழ்க நடுவுநிலைமை!