பண்ணைப்புரத்துக்கு வந்த கடிதம்

குச்சனூர் என்றதும் சனீசுவரன் கோயிலே எவர்க்கும் நினைவுக்கு வரும். ஆடிச் சனிக்கிழமைகளில் சுரபி நதிக்கரையில் நிற்க இடமிராது. அவ்வூரிலிருந்துதான் ஒரு விடுமுறை நாளின் விடியலில் எங்கள் மாணவர்களோடு வைக்கத்துக்குப் புறப்பட்டோம். வகுப்பில் எழுந்த ஒரு கேள்வியே பயணத்துக்குக் காரணம்.

சமயமும் சமூக நீதியும் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். உத்தமபாளையத்திலிருந்து வரும் இஸ்லாமிய மாணவி ஒருவர் எழுந்து, "ஐயா, ஒரு மதத்துக்குள் நடக்கும் அநீதியை இன்னொரு மதத்தவர் தட்டிக் கேட்கலாமா?" என்றார். நாங்கள் விடை தேடுவதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர், "எங்கள் ஊர்க் கோயிலில் வாசலோடு நிற்கிறவர்கள் நாங்கள். யார் கேட்டாலும் எங்களுக்குச் சரிதான்" என்றார். வகுப்பு அமைதியாயிற்று.

இக்கேள்விக்கு வைக்கத்தில் ஒரு வரலாறு உண்டு. அதன் ஓர் இழை நம் கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறது என்பது பலரும் அறியாதது. 1924இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராக இருந்த பெரியார் மதுரை மாவட்டத்தில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார். வைக்கத்திலிருந்து தம்மை அழைத்து வந்த கடிதம் பண்ணைப்புரத்தில் கைக்குக் கிடைத்தது என்று அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். எனவே முதலில் பண்ணைப்புரம் சென்று, அங்கிருந்து கம்பம், கூடலூர் வழியாகக் குமுளி மலைப்பாதையில் ஏறினோம்.

வைக்கத்தில் நடந்தது கோயில் நுழைவுப் போராட்டம் என்றே பல மாணவர் எண்ணியிருந்தனர். உண்மையில் அது மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்கான போராட்டம். அத்தெருக்களில் கிறித்தவரும் இஸ்லாமியரும் நடக்கலாம். ஈழவரும் புலையரும் நடக்கலாகாது. 1924 மார்ச் 30ஆம் நாள் குஞ்ஞப்பி, பாகுலேயன், கோவிந்தப் பணிக்கர் என்னும் மூவர் தடையை மீறச் சென்று கைதாயினர். முதலாமவர் புலையர், அடுத்தவர் ஈழவர், மூன்றாமவர் நாயர். தொடர்ந்து டி. கே. மாதவன், கே. பி. கேசவ மேனன் முதலிய தலைவர்களும் சிறை சென்றனர்.

அப்போது முன்னின்றவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். செங்கன்னூரில் பிறந்து மதுரையில் வழக்குரைஞராக வாழ்ந்த சிரியன் கிறித்தவர். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால் 'ரோசாப்பூ துரை' என்பார்கள். குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3இல் துப்பாக்கிச் சூடு நடந்தது. அச்சட்டத்தால் அல்லலுற்ற மக்களுக்காக எழுதியும் வாதாடியும் நின்றவர் அவர். நீர் எந்த மதம் என்று அம்மக்கள் அவரைக் கேட்கவில்லை.

வைக்கத்தில் கேட்கப்பட்டது. கேட்டவர் காந்தியடிகள். தீண்டாமை இந்துக்களின் பாவம். அதற்குக் கழுவாய் தேட வேண்டியவர்களும் இந்துக்களே. ஆகவே இந்துக்களே இதைச் செய்யட்டும், நீங்கள் ஒதுங்கியிருங்கள் என்பது ஜோசப்புக்கு அவர் எழுதிய கடிதத்தின் சாரம். ஜோசப்போ அந்த ஏப்ரலிலேயே கைதாகிச் சிறை சென்றார். பஞ்சாபிலிருந்து வந்து இலவச உணவுக்கூடம் நடத்திய அகாலிகளையும் காந்தியடிகள் ஏற்கவில்லை.

ஜோசப்பும் கையொப்பமிட்டிருந்த அழைப்புக் கடிதத்தைக் கண்டு வைக்கம் சென்ற பெரியார் இருமுறை சிறைப்பட்டார்: முதலில் ஒரு மாதம், பிறகு நான்கு மாதக் கடுங்காவல் தண்டனை. நாகம்மையாரும் களத்தில் நின்றார்.

காந்தியடிகளின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஒருவர் செய்த பிழைக்கு மற்றொருவர் வருந்த இயலாதே! மன்னத்து பத்மநாபன் தலைமையில் 1924 நவம்பரில் உயர்சாதியினர் வைக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வரை நடந்து சென்று அரசியிடம் விண்ணப்பம் அளித்தது உள்ளிருந்து எழுந்த குரல். ஆயினும் 1925இல் திருவிதாங்கூர் சட்டசபையில் தெருக்களைத் திறக்கும் தீர்மானம் ஒரே வாக்கில் தோற்றது. அவ்வாண்டு மார்ச்சில் காந்தியடிகளே வைக்கம் வந்து இண்டந்துருத்தி நம்பூதிரியைக் காணச் சென்றபோது, அவரை வீட்டுக்குள் அழைக்காமல் வெளியே அமர்த்தியே பேசினார்கள். இந்துக்களே செய்யட்டும் என்றவருக்கும் அந்த வீட்டில் இடம் வெளியேதான். உள்ளார் யார், அயலார் யார் என்பதை ஆதிக்கம் செய்வோரே தீர்மானிக்கின்றனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அந்த இல்லம் பின்னாளில் கள்ளிறக்கும் தொழிலாளர் சங்கத்தின் அலுவலகமாயிற்று. அதன் முன் நின்று இதைச் சொன்னபோது மாணவர்கள் சிரித்துவிட்டனர்.

2024 டிசம்பரில் புதுப்பித்துத் திறக்கப்பட்ட பெரியார் நினைவகத்தைப் பார்த்தபின் கோயிலைச் சுற்றி நடந்தோம். 1925 நவம்பரில் போராட்டம் முடிவுற்றபோது மூன்று பக்கத் தெருக்களே திறந்தன. கிழக்குத் தெரு திறக்கவில்லை. அத்தெருவில் அந்தக் கடைசி வரிசை மாணவர் நின்றுவிட்டார்.

"இது எப்போது திறந்தது, ஐயா?"

"1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூர் மன்னரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. கோயிலே திறந்துவிட்டது" என்றோம்.

"பதினோரு வருடம்" என்று கணக்கிட்டார். "நம் பக்கம் சட்டம் எப்போது வந்தது?"

1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவை ஒட்டி வந்த சட்டத்தையும், 1947இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் வந்த சட்டத்தையும் சொன்னோம். அவர் மேற்கொண்டு கணக்கிடவில்லை. எங்களுக்கும் பேச்சு எழவில்லை. இருபது ஆண்டுகளாக வைக்கத்தை இரண்டு மதிப்பெண் வினாவாக நடத்தியவர்கள் நாங்கள்.

திரும்பும் வழியில், இரவு, குமுளியில் தேநீருக்காக வண்டி நின்றது. மாணவர்கள் ஒரு தாளை வைத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார்கள். கையொப்பமிடும் நேரம் வந்ததும் அந்த இஸ்லாமிய மாணவி தயங்கி, "நான் போடலாமா?" என்று அவரைக் கேட்டார்.

"நீங்கள்தானே கேள்வியை ஆரம்பித்தீர்கள். முதலில் போடுங்கள்" என்று பேனாவை நீட்டினார் அவர்.

எங்கள் பெயரும் அத்தாளில் இருக்கிறது.