111 கிலோமீற்றர் கோப்புகள்

உளவுத்துறை எண்டதும் எங்களுக்கு ஜேம்ஸ் பொண்ட் படம்தான் ஞாபகம் வரும். துப்பாக்கி, வேகமான கார், கறுப்புக் கண்ணாடி. ஆனால் கிழக்கு ஜேர்மனியின் உளவுத்துறையான ஸ்டாசியைப் பற்றிப் படிக்கும்போது நாங்கள் காண்பது பெரும்பாலும் கந்தோர் வேலைதான்.

1950 பெப்ரவரியில் ஸ்டாசி தொடங்கப்பட்டது. 1957 முதல் 1989 வரை எரிக் மீல்கே அதன் அமைச்சராக இருந்தார். 1989 இல் முழுநேர ஊழியர்கள் மட்டும் ஏறத்தாழ 91,000 பேர். நாட்டின் சனத்தொகையோ 1.6 கோடிதான். கிட்டத்தட்ட 180 பேருக்கு ஒருவர்! இவர்களில் தட்டச்சு செய்தவர்களும் சாரதிகளும் காவலாளிகளும் அடக்கம்.

காலையில் வேலைக்குப் போய், அடுத்தவரின் கடிதத்தை நீராவியில் திறந்து, வாசித்து, பிரதி எடுத்து, திரும்ப ஒட்டி அனுப்புவது சிலரின் வேலை. தொலைபேசிப் பேச்சைக் கேட்டு எழுதுவது வேறு சிலரின் வேலை. விசாரிக்கப்பட்டவர் இருந்த கதிரையில் போட்ட துணியைப் போத்தலில் அடைத்து வைத்தார்கள், பிறகு நாய்க்கு மோப்பம் காட்ட. எல்லாத்துக்கும் ஒரு இலக்கம், ஒரு அட்டை, ஒரு கோப்பு.

இதுக்கு வெளியே 170,000க்கும் மேற்பட்ட இரகசியத் தகவலாளர்கள் இருந்தார்கள். அயலவர், கூட வேலை செய்பவர், நண்பர். சிலர் பயத்தில், சிலர் பதவி உயர்வுக்காக, சிலர் கொள்கையை நம்பியே தகவல் கொடுத்தார்கள். புனைபெயர் ஒன்று வைத்துக்கொண்டு, பொறுப்பதிகாரியைத் தனிவீட்டில் சந்தித்து, யார் என்ன கதைத்தார் எண்டு சொல்லிவிட்டுப் போனார்கள்.

1989 நவம்பரில் பேர்லின் சுவர் திறந்தது. ஸ்டாசி அவசரமாகக் கோப்புகளை அழிக்கத் தொடங்கியது. இயந்திரங்கள் போதாமல் கையாலும் கிழித்தார்கள். டிசெம்பர் 4 அன்று எர்ஃபுர்ட் நகரிலும், 1990 ஜனவரி 15 அன்று பேர்லின் தலைமையகத்திலும் சனம் உள்ளே புகுந்து அதைத் தடுத்தது. மிஞ்சிய கோப்புகளின் நீளம் ஏறத்தாழ 111 கிலோமீற்றர். அதோடு, கிழித்த தாள்கள் நிறைந்த மூட்டைகள் ஏறத்தாழ 16,000.

அதுக்குப் பிறகுதான் பெரிய கேள்வி வந்தது. இவற்றை என்ன செய்வது? திறந்தால் பழிவாங்கல் தொடங்கும், பூட்டி வைப்பதே நல்லது எண்டு பலர் சொன்னார்கள். 1990 செப்டெம்பரில் செயற்பாட்டாளர்கள் அந்தத் தலைமையகத்துக்குள்ளேயே உண்ணாவிரதம் இருந்தார்கள். கோப்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்குத் திறக்கப்பட வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. 1991 டிசெம்பரில் சட்டம் வந்தது. 1992 ஜனவரியிலிருந்து தன்னைப் பற்றிய கோப்பை யாரும் கேட்டு வாசிக்கலாம்.

வாசித்தது எல்லாருக்கும் ஆறுதலாக இருக்கவில்லை. செயற்பாட்டாளர் வேரா வோலன்பேர்கர் தன்னைப் பற்றித் தகவல் கொடுத்தவர் சொந்தக் கணவர் எண்டு அப்போதுதான் அறிந்தார். ஆனால், தெரியாமலே இருந்திருக்கலாமா எண்டு முடிவெடுக்கும் உரிமை அவருக்குத்தானே உண்டு? பூட்டி வைத்திருந்தால் அந்த முடிவையும் அரசே எடுத்திருக்கும். அதனால்தான் அந்தக் கோப்புகளுக்காகப் பட்டினி கிடந்தவர்களின் பக்கம் நாங்கள் நிற்கிறோம்.