34 ரூபாய் டிவிடி

1996 நவம்பரில் ஜப்பானில் தோஷிபாவின் முதல் டிவிடி பிளேயர் கடைக்கு வந்தது. அதில் போடும் தட்டு பார்வைக்குப் பழைய பாட்டு சிடி மாதிரியே இருந்தது. அதே 12 செ.மீ. அகலம், அதே 1.2 மி.மீ. தடிமன். உள்கட்டுதான் வேறு: 0.6 மி.மீ. தகடுகள் இரண்டை ஒட்டிச் செய்தது. நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சுருளாக ஓடும் நுண்ணிய குழிகளைச் சிவப்பு லேசர் படித்துக்கொண்டே போகும். அதற்கு முன் படம் பார்க்கப் பயன்பட்ட விசிடியில் ஒன்றேகால் மணி நேரம்தான் அடங்கும். நம் படங்கள் இரண்டு மூன்று தட்டுகளாக வரும், கதை சூடுபிடிக்கும் நேரத்தில் யாராவது எழுந்துபோய் மாற்ற வேண்டும். டிவிடியில் முழுப் படமும் ஒரே தட்டில் வந்தது. பல படங்களில் வெட்டிய காட்சிகளும் இயக்குநரின் விளக்கவுரையும்கூட இருந்தன. சினிமா கற்க நினைத்து, கல்லூரிக்குப் போக வசதியில்லாதவர்களுக்கு அந்த விளக்கவுரைதான் வகுப்பு.

2000இல் வந்த பிளேஸ்டேஷன் 2 டிவிடியையும் ஓட்டியது. விளையாட்டுக்காக வாங்கிய பெட்டியே பல வீடுகளில் முதல் டிவிடி பிளேயர் ஆனது.

இந்தியாவில் கதை வேறு மாதிரி நடந்தது. அசல் டிவிடி சில நூறு ரூபாய். திருட்டுத் தட்டு அதில் ஒரு சிறு பங்கு. 2004இல் தமிழக அரசு திருட்டு விசிடிக்காரர்களைக் குண்டர் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. அப்போதும் விற்பனை நிற்கவில்லை. விலையைக் கொண்டே திருட்டை எதிர்க்கலாம் என்று இறங்கியது டெல்லியின் மோசர் பேர் நிறுவனம். வெற்று சிடி தயாரிப்பில் உலக அளவில் பெரிய கை அது. 2007 வாக்கில் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று அசல் படங்களையே விற்றது. தமிழ்ப் படங்களும் அந்த விலைக்கு வந்தன. மாதச் சம்பளக்காரர் ஒருவர் தனக்குப் பிடித்த படத்தை நேர்மையாக விலை கொடுத்து வாங்கி அலமாரியில் அடுக்க முடிந்தது. என் பார்வையில் இந்த நெடும் பயணத்திலேயே மதிப்புமிக்க கட்டம் அதுதான்.

அது நீடிக்கவில்லை. 1998 முதல் தபாலில் டிவிடி அனுப்பி வளர்ந்த அமெரிக்க நெட்ஃபிளிக்ஸ், அதே 2007இல் இணையம் வழியே படம் காட்டத் தொடங்கியது. டிவிடியின் இடத்தைப் பிடிக்கப் போட்டியிட்ட இரு புதுத் தட்டுகளில், 2008இல் தோஷிபா தன் எச்டி டிவிடியைக் கைவிட, சோனியின் புளூ-ரே வென்றது. ஆனால் ஆள்வதற்கு அதற்கு அதிக காலம் கிடைக்கவில்லை. தட்டுக்குத் தேவை சரிந்ததோடு சூரிய மின்சாரத் தொழிலில் போட்ட பணமும் கடனாகி, 2018இல் மோசர் பேரைக் கலைத்துவிடத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2020இல் பிளேஸ்டேஷன் 5இன் ஒரு வகை தட்டு போடும் இடமே இல்லாமல் வந்தது. 2023 செப்டம்பர் 29 அன்று நெட்ஃபிளிக்ஸ் கடைசித் தட்டைத் தபாலில் சேர்த்தது. அதுவரை அனுப்பியவை 520 கோடிக்கும் மேல்.

வசதி கூடியது உண்மை. கைவிட்டுப் போனது உடைமை. 2014இல் வெளியான 'தி க்ரூ' கார் பந்தய விளையாட்டின் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று யூபிசாஃப்ட் நிறுத்தியது. தட்டைக் காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதன் பிறகு ஆட முடியவில்லை. 34 ரூபாய் டிவிடிக்கு அந்தக் கதி வராது; அது ஓட யாருடைய அனுமதியும் வேண்டாம், நண்பருக்கு இரவலும் கொடுக்கலாம்.

வீட்டிலுள்ள டிவிடிகளைப் பழைய பொருள்காரரிடம் போடுமுன் அந்தப் படங்கள் ஓடிடியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாதவற்றைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் படாமல், உறையோடு செங்குத்தாக அடுக்குங்கள். துடைக்கும்போது வட்டமாகத் தேய்க்காமல் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். சுருள் ஓடும் திசையிலேயே விழும் கீறல்தான் படத்தை நிறுத்திவிடும். ஓடுகிற பிளேயர் ஒன்றையும் கூடவே பத்திரப்படுத்துங்கள்.