மணக்கோலம் கலையாத பாடகர்

உளுந்தூர்ப்பேட்டைக்கும் பண்ணுருட்டிக்கும் இடையே அமைந்த திருநாவலூரில், பக்தஜனேசுவரர் ஆலயத்துக்குள் புகுந்து சுந்தரமூர்த்தி நாயனார் சந்நிதியின் முன் நிற்கிறவர்கள், துறவின் சாயை சிறிதும் படியாத ஓர் அடியாரைக் காண்கிறார்கள். நால்வர் வரிசையைப் பார்த்துப் பழகிய கண்களுக்குத் திருநாவுக்கரசர் தோளில் சாய்ந்த உழவாரப் படையாலும், சம்பந்தர் குழந்தை உருவாலும், மாணிக்கவாசகர் கையில் ஏந்திய சுவடியாலும் தெரிவார்கள். சுந்தரருக்கோ ஆடையும் ஆபரணமுமே அடையாளம். முடித்த கொண்டையும் மார்பில் புரளும் மாலையுமாக, முகூர்த்த வேளைக்குக் காத்திருக்கும் மாப்பிள்ளையைப் போல அவர் நிற்க, உடன் பரவையாரும் சங்கிலியாரும் நிற்கிறார்கள். எதிரே அவரைக் கயிலைக்குச் சுமந்து சென்ற வெள்ளை யானை.

இந்த அலங்காரத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. அது ஒரு நீதிமன்ற வழக்கில் தொடங்குகிறது. திருமுனைப்பாடி நாட்டில், இந்த ஊரில், சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் பிறந்த நம்பி ஆரூரர் என்னும் சுந்தரர், தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தபோது, அவ்வழியே வந்த குறுநில மன்னர் நரசிங்கமுனையரையர் கண்டு ஆசைப்பட்டுப் பெற்றோரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போய் அரசிளங்குமரனைப் போல வளர்த்தார் என்று பெரிய புராணத்தில் சேக்கிழார் சொல்கிறார். புத்தூரில் சடங்கவி சிவாசாரியார் மகளை மணக்கப் பந்தலில் உட்கார்ந்த நேரத்தில், கிழ வேதியர் ஒருவர் வந்து, 'இவன் பாட்டன் எனக்கு அடிமை ஓலை எழுதிக் கொடுத்திருக்கிறான்; இவனும் என் அடிமை' என்று வழக்கிட்டார். மாப்பிள்ளை ஓடிச்சென்று ஓலையைப் பிடுங்கிக் கிழித்தெறிந்தார். கிழித்தது படியோலைதான், மூலவோலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்றார் கிழவர். அந்த ஊர்ச் சபையார் கேட்ட கேள்வி இன்றைய வக்கீல்களும் ரசிக்கத் தக்கது: நெடுநாள் அனுபவமா, ஆவணமா, அயலார் சாட்சியா, மூன்றில் ஒன்றைக் காட்டு என்றார்கள். மூலவோலையின் கையெழுத்தைப் பாட்டனாருடைய வேறு எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் ஒன்றே என்று தீர்ப்பளித்தார்கள். மாப்பிள்ளை தோற்றார், கல்யாணம் நின்றது, அந்தப் புத்தூருக்கு மணம் தவிர்ந்த புத்தூர் என்று பெயராயிற்று. கிழவராக வந்து வழக்கிட்டவன் சிவனே. தன்னைப் பித்தன் என்று ஏசியவனுக்கு, அந்த ஏச்சையே முதற்சொல்லாக வைத்துப் பாடு என்று ஆணையிட்ட இறைவன், மணத்துக்கென்று புனைந்த அந்தக் கோலத்தை வாழ்நாள் முழுவதும் களையாமல் பூலோகத்தில் விளையாடு என்றும் அருளினான் என்பது ஐதிகம். கல்யாணமே நடவாத கல்யாண வேஷத்தோடு ஊர் ஊராகப் பாடித் திரிந்த ஒரு மனிதர் என்று எண்ணிப் பார்த்தால், அந்த வேஷத்தில் சிறிது பரிகாசமும் சிறிது சோகமும் இருப்பது புலப்படும்.

வேஷம் பூண்டு பாடியவர்கள் நம் காலத்திலும் உண்டு. இங்கிலாந்தில் 1970-களின் தொடக்கத்தில், முகத்தில் மினுக்குப் பொடி பூசி, ஆணுடையா பெண்ணுடையா என்று பிரித்தறிய முடியாத பளபளப்பு உடைகளில் பாடகர்கள் மேடையேறிய கிளாம் ராக் என்னும் காலம் ஒன்று இருந்தது. அவர்களில் டேவிட் போவி என்பவர் ஸிகி ஸ்டார்டஸ்ட் என்ற கற்பனைப் பாத்திரத்தின் பேரில் 1972 ஜூனில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டு, அந்தப் பாத்திரமாகவே ஊர்கள் தோறும் பாடி, 1973 ஜூலை 3 அன்று லண்டன் மேடையொன்றில் அதற்கு விடை கொடுத்துவிட்டார். வேஷம் சலித்தவுடன் கலைத்துவிடுவது அவருக்குச் சாத்தியமாயிற்று. நம்முடைய பாடகருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது.

சுந்தரர் பாடியவை 38,000 பதிகங்கள் என்று சம்பிரதாயம் கணக்கிடுகிறது. ஏழாம் திருமுறையாக இன்று நம் கையில் இருப்பவை 100. மற்றவை போனதெப்படி என்பதை 14ஆம் நூற்றாண்டு உமாபதி சிவாசாரியார் பேரால் வழங்கும் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. சம்பந்தர், நாவுக்கரசர், சுந்தரர் என்னும் மூவர் பாடல்களில் ஈடுபட்ட சோழ மன்னன் ஒருவன் (முதலாம் இராசராசன் என்று பலரும் கொள்வர்), திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியைத் துணைக்கொண்டு தில்லையில் ஏடுகளைத் தேடினான். பூட்டிய அறையைத் திறக்க மூவரே வரவேண்டும் என்று தில்லைவாழ் அந்தணர் சொல்ல, மூவருடைய திருவுருவங்களையே ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்தினான். திறந்த அறையில் ஏடுகளின் மேல் கறையான் புற்று மூடிக் கிடந்தது. எண்ணெய் சொரிந்து புற்றைக் கரைத்து எடுத்தவை எஞ்சின. பாடலுக்குப் பண் தெரியாமற்போகவே, திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியைக் கொண்டு பண்ணடைவு வகுத்தார்கள். அப்பெண்மணியின் பெயரைப் புராணம் சொல்லவில்லை; ஏட்டை எடுத்த ராஜாவுக்கு இருக்கும் கீர்த்தியில் பாதியாவது இசையை எடுத்துக் கொடுத்தவளுக்கு இருந்திருக்கலாம்.

சரித்திரக்காரர்கள் இந்தக் கதையை முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மூன்றாம் நந்திவர்மன் காலத்தது என்று கருதப்படும் திருவல்லம் கல்வெட்டிலேயே கோயிலில் திருப்பதியம் பாடுவாருக்கு நிவந்தம் உண்டு. ஆகையால் இராசராசனுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பாடல்கள் வழக்கில் இருந்தன என்பது தெளிவு. அவனுடைய பங்கு வேறு விதமானது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்யப் பிடாரர் 48 பேரையும், அவர்களுக்கு உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவரையும் அமர்த்தி, ஆளுக்குத் தினம் முக்குறுணி நெல் ஏற்படுத்தினான். ஐம்பது பேர் கூடி நின்று தினந்தோறும் பாடும் பாட்டு மறந்துபோவது கடினம். கறையான் கதையைக் காட்டிலும் இந்த நெற்கணக்கில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

எனினும் கறையான் கதையை அடியோடு தள்ளிவிடவும் மனம் வரவில்லை. என் தந்தையார் பெட்டியில் பல்லாண்டு கிடந்த, ஓதுவார் ஒருவர் பாடிய ஒலிநாடாவை எடுத்தபோது, பழுப்பு நாடாவின் ஓரமெல்லாம் வெண்பூஞ்சணம் பூத்திருந்தது. பென்சிலைச் செருகிச் சுற்றி, மெல்லிய துணியால் துடைத்துப் போட்டுக் கேட்டதில், ஒரு பக்கம் முழுதும் நீரடியில் பேசுவது போல இரைந்தது. மறுபக்கத்தில் மூன்று பதிகங்கள் கணீரென்று மீண்டன.

மறைந்தது மீண்டதற்கு ஐயத்துக்கிடமில்லாத சான்றும் ஒன்று உண்டு. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி, தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய இருள்வழியில், நாயக்கர் காலச் சுண்ணப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் புதைந்திருப்பதைக் கண்டார். அங்கே வெளிப்பட்ட சுவரொன்று முழுவதும் நம் திருநாவலூரார் கதை: கல்யாணச் சமையல் நடக்கிறது, ஒரு கையில் குடையும் மறு கையில் ஓலையுமாகக் கிழவர் நிற்கிறார், சபையார் முகங்களில் திகைப்பு, மேலே சுந்தரர் வெள்ளை யானைமீது விரைய, அவர் தோழர் சேரமான் பெருமாள் குதிரையில் செல்கிறார். சேக்கிழார் எழுதுவதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்னே எழுதிய சித்திரம் அது.

ஊர் தன் பிள்ளையை எப்படிப் போற்றிற்று? அவர் இவ்வூரின்மேல் பாடிய நட்டராகப் பதிகத்திலேயே, வெண்ணெய்நல்லூரில் தம்மை ஆட்கொண்ட கதையையும், தம்மை வளர்த்த முனையரையர் பெயரையும் வைத்திருக்கிறார். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் மகன் இராசாதித்தன் வட எல்லையைக் காக்க இந்த வட்டாரத்தில் படையோடு தங்கியிருந்தான். திருத்தொண்டீச்சரம் என்று அன்று வழங்கிய இக்கோயில் அவனுடைய ஆதரவில் சிறந்தது. அவன் பெயரால் ஊருக்கு இராசாதித்தபுரம் என்ற பெயரும் வந்தது. 949இல் தக்கோலப் போரில் யானைமேல் இருந்தபடியே அவன் மாண்டான். யானைமேல் துஞ்சிய தேவர் என்று கல்வெட்டுகள் அவனைச் சொல்லும். யானைமேல் போன இருவரில் ராஜகுமாரனின் பெயர் தாங்கிய ஊர்ப்பெயர் வழக்கொழிந்துவிட்டது. பாடகர் தம் முத்திரையில் வைத்துப் பாடிய நாவலூர் நிற்கிறது.

இனி அவரைப் பற்றிய வழக்கு. அவர் செய்தவை எல்லாமே நம் தராசில் நிற்பவை அல்ல. திருவாரூரில் பரவையாரோடு வாழ்ந்தவர், திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்து, பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து, வசந்தகாலத்தில் ஆரூர் நினைவு வந்தவுடன் எல்லையைத் தாண்டினார், கண்ணொளி போயிற்று. காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறு கண்ணும் பெற்றுத் திரும்பிய பிறகு, ஊடிக் கதவடைத்த பரவையாரிடம் இறைவனையே நள்ளிரவில் தூது நடக்க வைத்தார். முதுகுன்றத்தில் 12,000 பொன் கேட்டு வாங்கி மணிமுத்தாற்றில் போட்டு ஆரூர்க் குளத்தில் எடுத்துக்கொண்டார். கேட்கிற வாய் கூசவேயில்லை. ஆனால் அதே வாய், புகலூர்ப் பதிகத்தில், கொடாத கஞ்சர்களை வீணே புகழ்ந்து திரியும் புலவர்களைப் பார்த்து நகைக்கவும் செய்கிறது.

கயிலையிலேயே கமலினி, அநிந்திதை என்னும் இருவரை நோக்கிய காரணத்தால் இப்பிறவி நேர்ந்தது, ஆகவே எல்லாம் விதித்த விளையாட்டே என்று புராணம் சமாதானம் சொல்லும். அச்சமாதானத்தை நான் வேண்டேன். பாடல்களில் தெரியும் சுந்தரருக்கு அது தேவைப்படவும் இல்லை, ஏனெனில் பரவை பெயரையும் சங்கிலி பெயரையும் அவரே ஒளிக்காமல் பாடுகிறார். 1943இல் கம்பராமாயணத்தையும் பெரிய புராணத்தையும் கொளுத்த வேண்டும் என்று சி.என். அண்ணாதுரை வாதிட, ரா.பி. சேதுப்பிள்ளையும் பிறகு சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் எதிர்த்து நின்று வாதிட்டார்கள். ஆயினும் சுந்தரர்மேல் வழக்குத் தொடுத்தவர்களில் அண்ணா முதல்வரல்லர். அடியார் கூட்டத்தை வணங்காமல் ஒதுங்கிச் சென்ற சுந்தரர் அடியார்களுக்குப் புறம்பு, அவரை ஆண்ட சிவனும் புறம்பு என்று விறன்மிண்டர் தள்ளிவைத்தார். பெண்ணுக்காகக் கடவுளைத் தூது விட்டவன் முகத்தில் விழியேன் என்ற ஏயர்கோன் கலிக்காமர், சூலை நோய் வந்து அதைத் தீர்க்கச் சுந்தரரே வருகிறார் என்று கேட்டதும், அவரால் பிழைப்பதினும் சாவதே மேல் என்று தம் வயிற்றை வாளால் கிழித்துக்கொண்டார்.

இவ்விருவர் பெயரும் திருத்தொண்டத் தொகையில், அடியேன் என்று சுந்தரரே வணங்கும் வரிசையில் இருக்கின்றன. புராணத்தின் காலவரிசைப்படி பார்த்தால் தொகை பாடியது முன்பு, கலிக்காமர் கோபம் பின்பு. எனினும் பின்னும் அவர் பெயர் அங்கேயே நின்றது. தனியடியார் 60 பேரும் தொகையடியார் 9 கூட்டமுமாக அமைந்த அந்தப் பட்டியலின் மேல்தான் நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியும் சேக்கிழாரின் காவியமும் எழுந்தன. தம்மேல் குற்றம் சாட்டியவர்களைத் தம் பாட்டிலேயே வைத்துப் போன இந்தச் செயலை, அவர் அருளிய அற்புதங்களுக்கெல்லாம் மேலாக வைக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆடிச் சுவாதி குருபூசையன்று திருநாவலூரில் இருந்தேன். அபிஷேகம் முடிந்து, கைத்தாளமும் கையுமாக ஓதுவார் உட்கார்ந்து ஒன்றிரண்டு பதிகங்கள் பாடி முடித்ததும், தூணோரம் இருந்த ஒரு மூதாட்டி கேட்டார்.

“ஐயா, கண்ணு போனப்ப பாடுனாரே, அந்தப் பாட்டப் பாடுங்க.”

அது செந்துருத்திப் பண். தேவாரத்தில் அந்தப் பண்ணில் இருப்பது அந்த ஒரே பதிகம். ஓதுவார்கள் அதை மத்தியமாவதியில் பாடுவார்கள். கச்சேரிகளில் மங்களத்துக்கென்று வைத்திருக்கும் ராகம். பாட்டிலோ, மீளாத அடிமையானவர்கள் துயரைச் சொல்லி வந்தும் சும்மா இருக்கிறீரே, நீராவது சுகமாக வாழும் என்று இறைவனை இடித்துரைக்கும் கசப்பு.

“அது ஏசற மாதிரி இருக்கும் ஆயா. குருபூசை நாளும் அதுவுமா வேணாமே” என்றார் ஓதுவார்.

“ஏசட்டுமே ஐயா. உரிமை இருக்கப்பட்டவரு தானே ஏசறாரு.”

ஓதுவார் சிரித்துக்கொண்டே தாளத்தை மறுபடி கையில் எடுத்தார்.